கெட்ஜரிக்குக் காசைக் கொட்டாதீர்கள், ஆர்ப்ரோத்துக்கு ரயில் ஏறுங்கள்

முந்தின நாள் மீன்குழம்பை இட்லிமேல் ஊற்றிச் சாப்பிடுகிற நமக்குக் காலை மீன் புதிதா என்ன? பிரிட்டன் போனால் முதலில் தேடவேண்டியது ஓட்டல் கெட்ஜரி (புகைமீனும் முட்டையும் சேர்த்துக் கிளறிய சோறு) அல்ல, ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் ஊரில் செய்கிற புகைமீனான ஆர்ப்ரோத் ஸ்மோக்கி.

எடின்பரோ–அபர்டீன் ரயிலில் போய் இறங்கி, துறைமுகப் பக்கம் நடங்கள். தலையும் குடலும் எடுத்த ஹாடக் மீனை உப்பிட்டு, வாலோடு வால் சேர்த்து ஜோடி ஜோடியாகக் கட்டிக் கழியில் தொங்கவிடுகிறார்கள். கீழே விறகு எரிகிற பீப்பாய், மேலே ஈரச் சாக்கு மூடி. ஒரு மணி நேரத்துக்குள் புகையிலும் ஆவியிலும் மீன் வெந்துவிடும். சாக்கு காய்ந்தால் தீ எழும்பிக் கருக்கிவிடும். தோல் செம்பு நிறத்தில் பளபளக்கும். நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். அப்பப்பா, என்ன ருசி! சூட்டோடு காகிதத்தில் வாங்கித் தின்னுங்கள், உட்கார்ந்து சாப்பிட்டால் பில் ஏறும். ஊரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் இந்தப் பெயர்; 2004 முதல் அதற்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு.

கெட்ஜரியின் மூலம் வடநாட்டு அரிசி பருப்புக் கிச்சடி. பாசிப்பயறும் அரிசியும் வேகவைத்து நெய் விட்டுக் காலையில் சாப்பிடுவதை 14ஆம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர்கள் பருப்பைக் கழற்றிவிட்டுப் புகைமீனையும் முட்டையையும் சேர்த்தார்கள். பெரிய ஓட்டல்களில் இதற்குக் கேட்கிற விலை அநியாயம். சமையலறை உள்ள அறை கிடைத்தால் நீங்களே செய்துவிடலாம்.

நாலு பேருக்கு 400 கிராம் புகை ஹாடக். பளீர் மஞ்சள் என்றால் சாயம், வேண்டாம். பாலும் தண்ணீருமாக ஊற்றிப் பிரிஞ்சி இலை போட்டு, கொதிக்கவிடாமல் 8 நிமிடம் வேகட்டும். கொதித்தால் மீன் நார்நாராகும். 250 கிராம் பாஸ்மதியை உதிரியாக வடித்து ஆறவையுங்கள். சூட்டோடு கிளறுவதால்தான் ஓட்டல் கெட்ஜரி களியாகிறது. 50 கிராம் வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி கறித்தூளைப் பச்சை வாசனை போக வறுத்து, சோறு, மீன், அவித்த முட்டை நாலு என்று புரட்டுங்கள். மீனிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்க்காமல் உப்பு போடாதீர்கள். கடைசியில் எலுமிச்சை.

கிப்பர் என்கிற இன்னொரு புகைமீன் வேண்டுமென்றால் வட இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்தின் கிராஸ்டர் ஊருக்குப் போங்கள். முதுகில் பிளந்து உப்புநீரில் ஊறிய ஹெர்ரிங் மீனை ஓக் புகையில் பல மணி நேரம் தொங்கவிடுவார்கள். முள் அதிகம், பொறுமை வேண்டும். பொரித்தால் அறை முழுக்க நாறும்; உயரமான ஜாடியில் தலைகீழாக நிறுத்திக் கொதிநீர் ஊற்றி மூடினால் ஆறு நிமிடத்தில் தயார். விடுதி வாடகையிலேயே காலைச் சாப்பாடு அடங்கியிருந்தால் கிப்பர் உண்டா என்று முந்தின இரவே கேட்டுச் சொல்லிவையுங்கள், தனிக்காசு மிச்சம்.