கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

தென்கிழக்குத் துருக்கியில், மார்தினின் பழைய நகரம் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு இருக்கிறது. நாங்கள் தங்கிய வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெற்கே பார்த்தால் மெசபடோமியச் சமவெளி கடல் மாதிரி கிடக்கும். துருக்கி எங்கே முடிகிறது, சிரியா எங்கே தொடங்குகிறது என்று முதல் நாள் மாலை நெடுநேரம் தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே மண்.

மறுநாள் மினிபஸ்ஸில் ஒரு மணி நேரம், நுசய்பின் வந்துவிட்டது. ஊரின் தெற்கு ஓரத்தில் ஒற்றை ரயில் பாதை. அதைத் தாண்டினால் சுவரும் கம்பி வேலியும். வேலிக்கு அந்தப்பக்கம் தெரிகிற வீடுகள் கமிஷ்லி, அது சிரியா. கூப்பிட்டால் கேட்கும் போல இருந்தது.

இந்த எல்லைக்கு இங்கே பலரும் பிரிட்டனின் சைக்ஸ், பிரான்சின் பிக்கோ என்ற இரண்டு பேரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். 1916இல் அவர்கள் வழியாகப் பிரிட்டனும் பிரான்சும் இரகசியமாக ஓட்டோமான் பேரரசைப் பங்கு பிரித்த வரைபடத்தில் மார்தினே பிரான்சின் பங்கு. முதல் உலகப் போருக்குப் பிறகு துருக்கியர்கள் திருப்பி அடித்ததில் அந்தக் கணக்கு மாறிப்போனது. 1921 அக்டோபர் 20 அன்று அங்காராவில் பிரான்சும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மலை, ஆறு, மக்கள் பேசும் மொழி எதையும் பார்க்கவில்லை. சோபன்பே ரயில் நிலையத்திலிருந்து நுசய்பின் வரை தண்டவாளமே எல்லை என்று முடித்துவிட்டார்கள். தண்டவாளம் துருக்கிக்கு, அதற்குத் தெற்கே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சிரியா. பாக்தாத் வரை ஆட்களைக் கொண்டுபோகவென்று போட்ட பாதை அது. அதை வைத்தே ஆட்களைப் பிரித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கமிஷ்லி இந்தக் கோட்டால் பிறந்த ஊர். 1926 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்தது. ஓட்டோமான் ஆட்சியின் 1915 படுகொலைகளில் தப்பிய ஆர்மீனியர்களும் சிரியாக் மொழியில் வழிபடும் கிறிஸ்தவர்களும், துருக்கியில் 1925 குர்துக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் ஓடிவந்த குர்துகளும் அங்கே குடியேறினார்கள். நுசய்பினோ நிசிபிஸ் என்ற பழங்கால நகரம். அங்கே நான்காம் நூற்றாண்டு மோர் யாகூப் தேவாலயம் இன்னும் நிற்கிறது, நிலவறையில் புனிதர் யாகூப்பின் கல்லறையும். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். சிரியாக் மரபுவழித் திருச்சபையின் தலைமைப் பீடம்கூட மார்தின் பக்கத்து மடத்திலிருந்து கோட்டுக்குக் கீழே சிரியாவின் ஹோம்ஸுக்கும், பிறகு டமாஸ்கஸுக்கும் போய்விட்டது. அந்த மடத்தில் இருந்த கடைசித் திருச்சபைத் தலைவர் 1932இல் இறந்தது நம் பக்கத்தில், கேரளத்து மஞ்ஞினிக்கரையில்.

1950களில் எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்கள். ஆடு மேய்க்கப் போனவர்கள், தேயிலையும் துணியும் கடத்தப் போனவர்கள் காலை இழந்தார்கள், உயிரை இழந்தார்கள். துருக்கிப் படைக்கும் குர்துப் போராளிகளுக்கும் நடந்த 2016 சண்டையில் நுசய்பினின் பல தெருக்கள் தரைமட்டமாயின. அந்த இடத்தில் இப்போது ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகள். சக்சக் ஆறு மட்டும் ஊருக்குள் ஓடி, அப்படியே கமிஷ்லிக்குள் போகிறது.

ஆற்றுப் பக்கத்து டீக்கடையில் ஒரு குர்துப் பெரியவரோடு உட்கார்ந்தேன். அவர் பேரன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான்.

“சிரியாவுக்குப் போயிருக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

பெரியவருக்குக் கேள்வி விளங்கவில்லை. பேரன் வேறு மாதிரிச் சொன்னதும் முகம் தெளிந்தது. குர்துகள் நாட்டின் பெயரைச் சொல்வதில்லையாம். ஸெர்ஹெத், பின்ஹெத் என்பார்கள். ஹெத் என்றால் கோடு. கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே.

“பின்ஹெத்தில் என் அத்தை இருந்தாள்” என்றார். பெருநாளுக்கு எல்லைக் கதவு திறக்கிற வருடங்களில் இவர்கள் போவார்களாம். திறக்காத வருடங்களில் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று, அந்தப்பக்கம் நிற்கும் அத்தையிடம் கத்திக் கத்திப் பேசுவார்களாம்.

“அத்தை இறந்த வருடம் கதவு திறக்கவில்லை” என்றார். அப்புறம் பேரனிடம் ஏதோ சொன்னார். அவன் எனக்கு இன்னொரு டீ கொண்டுவந்தான்.