சிலாகைகளுக்கு இடையில்

மார்ச் 9, 2025

பின்னேரம் இரண்டு மணி. யாழ்ப்பாணத்து எங்கள் வீட்டு மாடியறையில் ஓட்டின் அடிப்பக்கத்தை, தொடாமலே சூடு அளக்கும் வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்தேன்: 54 பாகை. அறைக்காற்று 36தான். ஆனாலும் கட்டிலில் படுத்தால் முகம் எரிகிறது. ஓடு கதிராக எறிகிற வெக்கை அது. காற்றாடியைச் சுழல விட்டாலும் நிற்காது. தம்பி ஏசி போடச் சொல்கிறான். இந்தக் கூரைக்குக் கீழே ஏசி போட்டால் கரண்ட் பில் கட்டவே உழைக்க வேணும். முதலில் கூரையின் வெக்கையை மறிக்க வேணும்.

அம்மா பழங்கதை எடுத்தா. "கிடுகு வீட்டில இருக்கேக்க இப்பிடி அவியேல்லை." உண்மைதான். ஓலை அடுக்குகளுக்குள் காற்று சிறைப்பட்டுக் கிடக்கும். ஆனால் அடிக்கடி வேய வேணும் என்பதை அம்மா சொல்லமாட்டா.

மார்ச் 12

லண்டன் அத்தான் போனில். "மச்சான், 270 மில்லிமீற்றர் தடிப்பில் சூடு மறிக்கிற கம்பளி போட்டு இறுக்கி அடை, உள்பக்கம் பொலித்தீன் விரி." அங்கே வீட்டுச் சூடு மேலே போகாமல் மறிக்க வேணும்; உள்ளீரம் குளிர்ந்த மரத்தில் படியாமலும் பார்க்க வேணும். எங்களுக்கு வெக்கை மேலிருந்து இறங்குகிறது. சூடான காற்று தானாகக் கீழே வராது, ஆகவே இடைவெளிக்குள்ளால் இறங்குவதில் பெரும்பங்கு கதிர்தான். அதை மறிக்கத் தடிப்பைவிட மினுக்கம் பெரிது. நல்ல அலுமினியத் தாள் கதிர்வெப்பத்தில் 95 வீதமளவைத் திருப்பிவிடும். ஆனால் அதன் ஒரு பக்கமாவது காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேணும். இரண்டு பக்கமும் ஒட்டிக் கிடந்தால் அது வெறும் தகரம்.

அத்தானுக்கு இதை விளங்கப்படுத்தினேன். "அப்ப உனக்கு எல்லாம் தெரியும்" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 16

ஸ்ரான்லி வீதியில் விலை கேட்டுத் திரிந்தேன். ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல் பலகை) மலிவு, பாரமில்லை, எல்லாக் கடையிலும் கிடக்கு. வேண்டாம் என்று வந்தேன். பற்றினால் உருகி வழிந்து எரியும். அதைவிட, எங்கள் வயர்கள் ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டமான சிலாகையோடுதான் ஓடுகின்றன. பிவிசி உறையில் ரெஜிபோம் முட்டிக்கொண்டு கிடந்தால் உறையை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானம் மெல்ல மெல்ல வெளியேறி, வயர் காய்ந்து வெடிக்கும். கல்லை உருக்கி இழையாக்கிச் செய்த 50 மில்லிமீற்றர் கல்கம்பளிப் பலகைக்குச் சொல்லி வைத்தேன். எரியாது. சொறியும்.

மார்ச் 22

மேசன் அண்ணை வந்து வெடித்த ஓடுகளை மாற்றினார். கம்பளி நனைந்தால் ஒன்றுக்கும் உதவாது. மாரியில் சாய்த்து அடிக்கிற மழைக்கு முன்னம் ஒழுக்குப் பார்த்தாக வேணும். குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். கூரை மூலையில் அணில் கூடு, தும்பும் பஞ்சுமாக. காலியாகக் கிடந்தபடியால் எடுத்தோம்.

மார்ச் 30

பனஞ்சிலாகையோடு மல்லுக்கட்டு. பழைய வைரம் பாய்ந்த பனை, ஆணி வளைகிறது. துளைத்துவிட்டுத்தான் அடிக்க வேணும். கையெல்லாம் சிலாம்பு. சிலாகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு, இரண்டு இடைவெளி ஒரே அகலத்தில் இல்லை. ஒவ்வொரு துண்டையும் அந்தந்த இடத்தில் அளந்து, ஒரு சென்ரிமீற்றர் கூட விட்டு வெட்டி இறுக்கினோம். லண்டனில் ஆலை அறுத்த மரத்தில் இந்த வேலை நடக்கிற வேகத்தை நினைக்க வயிறெரிந்தது.

சிலாகையின் ஆழம் நாலு அங்குலம். மேலே இரண்டு அங்குலம் சும்மா காற்றுக்கு, கீழே இரண்டு அங்குலம் கம்பளிக்கு. கூரையின் கீழ் விளிம்பான இறப்பில் காற்று நுழைந்து, ஓட்டின் சூட்டை அள்ளிக்கொண்டு ஏற வேணும். அது வெளியேறவும் வழி வேணுமே: கம்பளியை முகட்டு வளை மரத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அந்த இடத்தில் சீலிங்கை மட்டமாக அடிப்போம். மேலே மிஞ்சும் சின்ன முக்கோணத்துக்கு இரு பக்கச் சுவரிலும் துவாரம். எல்லா வாயிலும் கம்பிவலை. இல்லாவிட்டால் எலிக்கும் மரநாய்க்கும் மெத்தை விரித்த மாதிரி.

முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போட்டும் கழுத்து சொறிகிறது. பச்சைத்தண்ணீரில் குளித்தால் குறைவு.

ஏப்ரல் 5

சிலாகையின் அடியில் மினுக்கம் கீழே பார்க்கத் தாளை அடித்தோம். மேலே பார்த்தால் தூசி படிந்து மங்கிவிடும். அதன்மேல் ஓரங்குல றீப்பை (மெல்லிய மரச்சட்டம்), பிறகு சீலிங் பலகை. அந்த ஓரங்குலம்தான் தாளுக்கு வேண்டிய இடைவெளி.

பலகை அடிக்க முன்னம் தம்பி துப்பாக்கியைத் தாளுக்கு நீட்டிவிட்டுத் துள்ளினான், 33 பாகை என்று. மினுங்குகிற உலோகத்தில் அந்தக் கருவி பொய் சொல்லும். தாளில் எதிரொளிக்கிற அறையைத்தான் அது பார்க்கிறது. மினுங்காத கறுத்த ஒட்டுநாடாத் துண்டு ஒட்டி அதற்கு நீட்டினேன். 41. தம்பியின் முகம் சுருங்கியது. எனக்கு அதுவே போதும்.

ஏப்ரல் 15

நேற்று வருசப்பிறப்பு. இந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நட்டுச்சியில் சூரியன். மத்தியானம் முற்றத்துக் கம்பத்துக்கு நிழலே இல்லை. ஓடு 57. சீலிங் பலகை 35. அறைக்காற்று 33. பலகாரம் தின்ற சனம் எல்லாம் மேலே ஏறிப் படுத்துவிட்டது.

இரவில் வேறு கணக்கு. ஓடு விரைவாகக் குளிர்ந்தாலும் அறையின் சூடு இனி மேலே வடியாது. பொழுதுபட்டதும் இரண்டு பக்க யன்னலும் திறக்க வேணும்.

ஏப்ரல் 20

மூன்று மணிக்குப் பிறகு இன்னும் புழுங்குகிறது. துப்பாக்கியைச் சுற்றிக் காட்டினேன்: மேற்குச் சுவர் 42. கல்லுச்சுவர் பகலெல்லாம் வாங்கி இரவில் கொடுக்கிறது. கொடிப் பந்தல் போடுவதென்று முடிவு. அம்மா பாகல் என்கிறா, நான் பாஷன் கொடி என்கிறேன். விதை அம்மாவிடம்தான் இருக்கிறது.