சுனாமி போட்ட ஓட்டையும் நான் போட்ட ஓட்டையும்

மாமாவின் ஃபைபர் போட் 15 அடி நீளம். எண்பதுகளின் தொடக்கத்தில், நிலாவெளியிலிருந்து வெள்ளைக்காரரைப் புறாமலைத் தீவுக்கு ஏற்றி இறக்கவென்று வாங்கியது. 1983-க்குப் பிறகு வெள்ளைக்காரரும் வரவில்லை, போட்டும் ஓடவில்லை. தறப்பாளுக்குக் கீழே கிடந்ததை 2004 மார்கழி 26 அன்று கடல் தூக்கிக்கொண்டு போய், பனைவடலிக்குள் ஒரு குற்றியில் குத்தி வைத்தது. முன்பக்கத்து அணியத்தின் அடியில் உள்ளங்கையளவு ஓட்டை. மாமா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மாமிதான் ஒவ்வொரு மாரிக்கும், அதற்குள் தேங்குகிற தண்ணீரில் நுளம்பு பெருகுதென்று ஏசிக்கொண்டிருந்தார்.

இந்தத் தையில் பொங்கல் முடிந்து மழையும் விட்டதும், லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி, திருகோணமலை டைக் வீதியிலுள்ள எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தேன். நான் கணக்குப் படிப்பிக்கிறவன். ஃபைபர் வேலை பற்றித் தெரிந்ததெல்லாம் இரவில் பார்த்த வீடியோக்கள்தான். அவை முழுக்கக் குளிர்நாட்டுக்காரர் எடுத்தவை. அந்தச் சங்கதி எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதல் வாரம் சும்மா தட்டித்தான் பார்த்தேன். பழைய பத்து ரூபாய்க் குற்றியால் அங்குலம் அங்குலமாகத் தட்ட வேண்டும். நல்ல இடம் "டக் டக்" என்று காய்ந்த தேங்காய் மாதிரிக் கணீரென்று கேட்கும். உள்ளே நார்ப்படைகள் பிரிந்திருந்தாலோ ஈரம் ஊறியிருந்தாலோ "பொத் பொத்" என்று அடங்கிப்போகும். எனக்கு முதலில் எல்லாம் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. மரவள்ளம் கட்டிக்கொண்டிருந்து, சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தபோது இந்த வேலையையும் பழகிக்கொண்ட ஓடாவியார் ஒருவர் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிறார். அவர் வந்து, எஞ்சின் பூட்டுகிற பின்பலகையில் நாலு தட்டுத் தட்டினார்.

"தம்பி, முன்னுக்கு இருக்கிற ஓட்டையைப் பார்த்து நீ பயப்பிடுறாய். உன்ர வருத்தம் பின்னுக்கு இருக்கு."

டிரில்லால் ஒரு சின்னத் துளை போட்டுப் பார்த்தோம். நல்ல பிளைவூட் என்றால் வெளிர் நிறத்தில் காய்ந்த தூள் வரும். எனக்கு வந்தது பிளேன்டீ வடித்த சக்கை மாதிரிக் கறுப்பாய், ஈரமாய், புளித்த மணத்தோடு. பழைய எஞ்சின் போல்ட் துளைகளால் தண்ணீர் இறங்கி, நடுவிலிருந்த பலகை முழுக்க உக்கிப்போயிருந்தது. இரண்டு பக்கமும் ஃபைபர் தோல் மட்டும் நின்றது.

இருந்தாலும் முன் ஓட்டையிலிருந்தே தொடங்கினேன். கண்ணுக்குத் தெரிகிறதை முதலில் அடைக்காமல் மனம் கேட்கவில்லை.

ஓட்டை 12-க்கு 7 சென்ரிமீற்றர். போட்டின் தடிப்பு அந்த இடத்தில் 6 மில்லிமீற்றர். நாரைப் பிணைத்து இறுகுகிற பிசின்தான் ரெசின். காய்ந்த பழைய ரெசினோடு புது ரெசின் ஒன்றாகக் கலக்காது. பசை மாதிரி மேலே பிடித்து நிற்கும், அவ்வளவுதான். அதனால் பிடிக்கிற பரப்பு அகலமாக இருக்க வேண்டும். தடிப்பைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிவரச் சரிவாய்த் தேய்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 6 மில்லிமீற்றருக்கு 72. அதாவது 12-க்கு 7 ஆக இருந்ததை, கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு, நானே 26-க்கு 21 ஆக்க வேண்டும். கடல் செய்ததைவிடப் பெரிய சேதத்தை என் கையால் செய்தேன். மாமா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அன்று நீட்டுக்கை உடுப்பு, முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தேன். கீழே சாரம். அங்கேதான் பிழைத்தது. கண்ணாடி நார்த் தூள் காலெல்லாம் ஏறி, மயிர்க்கொட்டி ஊர்ந்தது மாதிரி இரவு முழுக்கச் சொறிச்சல். சுடுதண்ணீரில் குளித்தது அடுத்த பிழை. முதலில் பச்சைத்தண்ணியை நிறைய ஊற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது, பிறகுதான் சவுக்காரம். அடுத்த நாளிலிருந்து நீட்டுக் காற்சட்டையும், அதன் காலடியைச் சுற்றி ஒட்டுநாடாவும்.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, பகல் 11 மணிக்கு முதல் ரெசின் கலந்தேன். எங்கள் பக்கத்துக் கடையில் ரெசின், அது இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட், அதை இறுக வைக்கிற ஹார்ட்னர் மூன்றையும் வேறு வேறாகத் தந்தார்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் மட்டும் ஒருநாளும் நேராகச் சேர்க்கக்கூடாது; தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினுக்குள் விட்டு நன்றாகக் கலக்கின பிறகுதான் ஹார்ட்னர். இதை ஓடாவியார் எனக்கு மூன்று தரம் சொல்லி, மூன்று தரம் என் வாயாலும் சொல்ல வைத்தார். படிப்பிக்கிறவனுக்கே வாய்ப்பாடு. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடி போடாமல் போத்தலைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்கும்.

வீடியோவில் 2 வீதம் என்றார்கள். 500 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்ட்னர் விட்டேன். கண்ணாடி நார் விரிப்பான மேட்டில் முதல் துண்டை வைத்து, தூரிகையால் குத்திக் குத்தி நனைத்துக்கொண்டிருக்கும்போது ஏழாவது நிமிடத்தில் வாளிக்குள் ரெசின் ஜெலி மாதிரிக் குலுங்கியது. எட்டாவது நிமிடத்தில் புகை. வாளியின் அடி இளகிச் சப்பையானது. தூரிகை அதற்குள் நட்ட கம்பம் மாதிரி நின்றுவிட்டது. தூக்கி வெறும் மணலில் வைத்துவிட்டு விலகி நின்றேன். அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது.

இரவு உட்கார்ந்து, முதலே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். உள்ளங்கையளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டளவு வரை ஆறு படை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 0.175 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் மேட் என்றால் நார் 79 கிராம். மேட்டுக்கு அதன் நிறையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் என்று வைத்தால் 178 கிராம். சிந்துவதையும் தூரிகையில் போவதையும் சேர்த்து 250 போதும், அதையும் இரண்டு தரமாகக் கலக்கலாம். நான் ஒரே தரத்தில் அரைக்கிலோ கலந்திருக்கிறேன். ரெசின் இறுகும்போது தானே சூடாகும். குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாய் இறுகும். மெல்லியதாய்ப் பரவிவிட்டால் சூடு பறந்துபோகும். பிறகு நான் வாளியை விட்டுவிட்டு அகலமான தட்டுக்கு மாறினேன்.

இடையில் ஒரு நாள் யோகட் கோப்பைகளைக் கழுவிச் சேர்த்துவைத்து, அளவாய்க் கலக்க நல்லதென்று ஒன்றில் ரெசினை விட்டேன். கலக்கிக்கொண்டிருக்கும்போதே கோப்பையின் அடி மெழுகு மாதிரி மெத்தென்றாகிக் கையோடு வந்தது. ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் அந்த வகைப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். ஐஸ்கிறீம் டப்பா தாங்கியது. இதை எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அவர்கள் யோகட்டை வேறு கோப்பையில் சாப்பிடுகிறார்களாக்கும்.

வெயில் சூட்டிலும் ரெசின் வேகமாய் இறுகும் என்பதால், அதற்குப் பிறகு நேரத்தை மாற்றினேன். விடிய ஆறரை. ஆனால் எங்கள் வளவுக்குப் பின்னால் கடல். விடியும்போது போட்டின் முதுகில் உப்புப் பனி படிந்திருக்கும். அதன்மேல் ரெசின் பிடிக்காது. ஆகவே முதல் நாளிரவே தறப்பாளால் மூடிவைத்து, காலையில் நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, பிறகு அசிற்றோன் போட்ட வெள்ளைத் துணியால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைப்பேன். ஓட்டைக்கு உட்பக்கம், பொலித்தீன் சுற்றிய பழைய ஃபோமைக்காத் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்துவைத்தேன். ஹார்ட்னர் 1 வீதம், பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து. முப்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. அந்த முப்பத்தைந்து நிமிடத்தின் அருமை, ஏழு நிமிடத்தில் எரிந்தவனுக்குத்தான் தெரியும்.

மேட் வேலையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. ரெசின் பட்டதும் மேட் முதலில் விறைப்பாக, வெள்ளையாகத்தான் கிடக்கும். அவசரப்பட்டு உருளையை ஓட்டினால் நார் பிய்ந்து உருளையோடு சுற்றும். ஒன்றிரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், நாரைச் சேர்த்து வைத்திருக்கிற பசை கரைந்து, துண்டு முழுக்க நனைந்த வெத்திலை மாதிரி இளகி, கண்ணாடியாகிவிடும். கீழே பென்சிலால் போட்ட கோடு தெரியும். அப்போது வரிவரியான உருளையை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்ட, காற்றுக்குமிழ்கள் வெள்ளைப் புள்ளிகளாக ஓடிப்போய் விளிம்பில் உடையும்.

பெரிய துண்டு முதலா, சின்னத் துண்டு முதலா என்பதில் வீடியோக்காரருக்குள் பெரிய சண்டை. ஓடாவியார் பெரியதை முதலில் போடச் சொன்னார். சரிவு முழுக்க ஒரே துணி பிடித்திருக்கும், பிறகு மட்டமாய்த் தேய்க்கும்போது மேலே இருக்கிற சின்னத் துண்டுகள்தான் தேயும் என்பது அவர் நியாயம். எனக்கு அது சரியாகப் பட்டது. ஒரு நாள் மூன்று படை, அடுத்த நாள் மூன்று. மூன்றாம் நாள் குற்றியால் தட்டினேன். டக் டக். போய் மாமாவைக் கூட்டிவந்து அவருக்கும் தட்டிக் காட்டினேன்.

பின்பலகை வேலை சித்திரை முழுக்கத் தின்றது. உள்பக்கத் தோலை வெட்டி எடுத்து, உக்கினதை உளியால் சுரண்டி, கடைசியில் கரண்டியாலேயே அள்ளினேன். இரண்டு வாரம் வெயிலில் காயவிட்டேன். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை ஒட்டி 36 ஆக்கினேன். இங்கே நேரக் கணக்கு தலைகீழ். மரத்துக்கு முதல் கை ரெசின் பூசுவது காலையில் கூடாது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கிற காற்று விரிந்து, பூசின ரெசினைத் துளைத்துக்கொண்டு குமிழ் குமிழாய் வெளியே வரும். பின்னேரம், சூடு இறங்கும்போது பூசினால் மரம் அதை உள்ளே இழுக்கும். முதல் பலகையைக் காலையில் பூசி, அம்மை போட்ட முகம் மாதிரி வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

போல்ட் துளைகளுக்கு ஓடாவியார் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்தது. வேண்டியதைவிடப் பெரிதாகத் துளைத்து, தடித்த ரெசினால் முழுக்க அடைத்து, இறுகின பிறகு அதன் நடுவால் சரியான அளவுத் துளை. போல்ட் இனி மரத்தைத் தொடவே தொடாது. நாற்பது வருடத்துக்கு முன் யாராவது அரை மணித்தியாலம் செலவழித்து இதைச் செய்திருந்தால் எனக்குச் சித்திரை மிஞ்சியிருக்கும்.

அடிப்பக்கத்தில் கொப்புளங்களும் இருந்தன, பத்துப் பதினைந்து. கூரான உளியால் குத்தினால் வினாகிரி மணத்தோடு தண்ணீர் பீய்ச்சும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். திறந்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி விட்டுவிட்டேன். வைகாசியில் எழும்பின கச்சான் காற்று மூன்று வாரத்தில் எலும்பாய்க் காயவைத்தது. அதே கச்சான், மேற்பூச்சான ஜெல்கோட் பூசின அன்று தெருப் புழுதி முழுவதையும் கொண்டுவந்து அதில் ஒட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஜெல்கோட் இன்னொரு விதத்திலும் என்னை அலைக்கழித்தது. இரண்டு நாளாகியும் கை வைத்தால் ஒட்டியது. சாண்ட்பேப்பர் ஒரு இழுவையில் அடைந்துவிடும். ஹார்ட்னர் போதவில்லையென்று நினைத்து நொந்துபோய் இருந்தபோது ஓடாவியார் கேட்டார்: "கடைசிக் கைக்கு மெழுகு விட்டனியோ?" காற்றுப் படுகிற முகம் லேசில் இறுகாதாம்; மெழுகுக் கரைசல் கொஞ்சம் கலந்தால் அது மேலே மிதந்து காற்றை மறைக்கும். ஆனால் கடைசிக் கைக்கு மட்டும்தான். இடையில் விட்டால் அடுத்த கை பிடிக்காது. ஒட்டினதை அசிற்றோனால் துடைத்து, தேய்த்து, திரும்பப் பூசினேன். வெள்ளை என்று வாங்கினது பழைய வெள்ளையோடு சேரவில்லை. ஒரு குண்டூசித் தலையளவு மஞ்சள் சாயம் கலந்ததும் கிட்டத்தட்ட வந்தது. கிட்டத்தட்டத்தான். அணியத்தில் தட்டளவு ஒரு வட்டம் தெரிந்தவனுக்குத் தெரியும்.

போன ஞாயிறு, இரவல் வாங்கின 15 குதிரைவலு எஞ்சினோடு இறக்கினோம். முன் ஓட்டை ஒரு சொட்டும் விடவில்லை. பின்பலகை எஞ்சினின் உதறலுக்கு அசையவில்லை. அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் உள்ளே, காலடியில், ஒரு சிரட்டைத் தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. தேடிப் பார்த்ததில், தண்ணீர் திறந்துவிடுகிற மூடியின் பழைய பித்தளைக் குழாய். அதைச் சுற்றிக் கசிகிறது. எல்லாவற்றையும் மாற்றினவன் அதை மட்டும் நல்லாய்த்தானே இருக்குதென்று விட்டுவைத்திருந்தேன்.

கரையில் நின்ற மாமி எட்டிப் பார்த்தார். "இப்பவும் தண்ணிதானே நிக்குது?"

"உப்புத்தண்ணி மாமி."

"அப்ப நுளம்பு வராது" என்றுவிட்டுப் போனார்.

போட் திரும்ப வளவில், இந்தமுறை நிமிர்ந்து. குழாயைக் கழற்றியாகிவிட்டது. அந்தத் துளையையும் பெரிதாக்கி அடைத்துத் திரும்பத் துளைக்க வேண்டும். சனி விடிய, ஆறரைக்கு. 60 கிராம் போதும்.