கம்பி அறுந்தால் என்ன நிலை: வீட்டுத் தானியக்கத்தில் சென்சார்களும் ரிலேக்களும்

பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் சென்சார்களை நீக்கிவிட்டு, கதவு, சன்னல், தண்ணீர்த் தொட்டி, விளக்கு, மோட்டார் ஆகிய அனைத்தையும் கம்பி வழியாகவே ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளுடன் இணைக்கும் வேலையில் பெரும்பகுதி இப்போது முடிந்திருக்கிறது. தளத்துக்கு ஓர் இஎஸ்பி32 பலகை (வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), அதை இயக்கும் மென்பொருளாக இஎஸ்பிஹோம், அங்கிருந்து சென்சார்களுக்குச் சாதாரண கேட்5இ நெட்வொர்க் கேபிள் என்பதே அமைப்பு. எந்தப் பலகையை வாங்குவது என்பதைவிட அதிகமாக யோசிக்க வைத்தது வேறொரு கேள்வி: கம்பி அறுந்தாலோ, பலகைக்கு மின்சாரம் நின்றாலோ, ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சர்வர் முடங்கினாலோ இந்த இணைப்பு எந்த நிலையில் போய் நிற்கும்? ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கு விடை தேடியதே இந்தப் பதிவு.

முதலில் கதவுகளும் சன்னல்களும். காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் சுவிட்சின் ஒரு முனையை கிரவுண்டுக்கும் மறுமுனையை இஎஸ்பி32-இன் பின்னுக்கும் (இணைப்பு முனைக்கும்) நேரடியாகக் கொடுத்து, சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை இயக்கினால், மேசையின் மேல் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் அந்த ரெசிஸ்டர் ஏறத்தாழ 45 கிலோஓம் என்பதால், சுவிட்ச் திறந்திருக்கும்போது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது 0.1 மில்லிஆம்பியர்கூடக் கொடுக்க முடியாத ஒரு பலவீனமான இழுவைதான். சுவருக்குள் நீண்டு செல்லும் கேபிள் ஆன்டெனாவைப் போல இரைச்சலை வாங்கிக்கொள்வதால், மோட்டார் நிற்கும் நேரங்களில், திறந்து வைத்திருந்த சன்னல் ஒரு கணம் மூடித் திறந்ததாகப் பதிவாயிற்று. மென்பொருளில் 50 மில்லிசெகண்ட் தாமத வடிகட்டி சேர்த்தால் இந்தப் பதிவுகள் குறையும் என்பது உண்மைதான். எனினும் அந்த வடிகட்டி சுவிட்சின் முனைகள் மூடும்போது ஏற்படும் துள்ளலை அடக்குவதற்குரியது, மின் இரைச்சலை அதைக் கொண்டு மறைப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

ஆகவே சென்சார் கம்பிகளை 12 வோல்ட் சுற்றுகளாக மாற்றினேன். 12 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோஓம் ரெசிஸ்டர், பிசி817 ஆப்டோகப்ளரின் (ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் சிப்பின்) எல்இடி, கேபிள், ரீட் சுவிட்ச், மீண்டும் 12 வோல்ட்டின் எதிர்முனை என்று சுற்று அமைகிறது. சுவிட்ச் மூடியிருக்கும்போது ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் ஓடுகிறது. கேபிளில் தொற்றும் இரைச்சலுக்கு அந்த எல்இடியை எரிய வைக்கும் வலு இல்லை. போலிப் பதிவுகள் அத்துடன் நின்றுவிட்டன. ஆப்டோகப்ளரின் மறுபக்கத்தில் 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் புல்-அப்பை வெளியில் போட்டிருப்பதால், உள் புல்-அப் இல்லாத, உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும் 34, 35, 36, 39 ஆகிய பின்களையும் இதற்கே ஒதுக்க முடிந்தது. வெளியீட்டுக்கு உதவும் பின்கள் ரிலேக்களுக்கு மிச்சமாயின.

கதவு மூடியிருக்கையில் காந்தம் அருகில் இருப்பதால் சுவிட்சும் மூடியிருக்கிறது, மின்னோட்டம் ஓடுகிறது. கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் 12 வோல்ட் அடாப்டர் பழுதானாலும் ஓட்டம் நின்று, "திறந்திருக்கிறது" என்ற ஒரே செய்திதான் வரும். பெரும்பாலான சன்னல்களுக்கு இவ்வளவு போதும். கேபிளின் இரு கம்பிகளும் எங்கேனும் நசுங்கி ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் மட்டும், கதவு திறந்தே கிடந்தாலும் "மூடியிருக்கிறது" என்று காட்டும்.

வாசற்கதவுக்கு அந்த ஓட்டையையும் அடைக்க விரும்பி, திருட்டு அலாரங்களில் நெடுங்காலமாக வழங்கும் முனை ரெசிஸ்டர் முறையைக் கையாண்டேன். சென்சார் இருக்கும் முனையிலேயே சுவிட்சுக்குத் தொடராக 2.2 கிலோஓமும், சுவிட்சுக்கு இணையாக 4.7 கிலோஓமும் சேர்த்து, பலகைப் பக்கத்தில் 3.3 வோல்ட்டுக்கு மற்றொரு 2.2 கிலோஓம் ரெசிஸ்டரை வைத்தால், கதவு மூடியிருக்கும்போது 1.65 வோல்ட், திறந்தால் ஏறத்தாழ 2.5 வோல்ட், கம்பி அறுந்தால் 3.3 வோல்ட், கம்பிகள் தொட்டுக்கொண்டால் சுழியம் என நான்கு நிலைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. இஎஸ்பி32-இன் அனலாக் உள்ளீடு இரு ஓரங்களிலும் துல்லியமற்றது என்று அனைவரும் குறை கூறுவதுண்டு. நிலைகளுக்கிடையே இத்தனை இடைவெளி இருக்கும்போது அந்தக் குறை இங்கே பொருட்டில்லை. பின்னுக்கு அருகில் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும், மென்பொருளில் இடைநிலை மதிப்பு எடுக்கும் வடிகட்டியும் சேர்த்திருக்கிறேன். வைஃபை இயங்கும்போது இரண்டாவது அனலாக் தொகுதியை நம்ப முடியாது என்பதால், 32 முதல் 39 வரையுள்ள முதல் தொகுதிப் பின்களில் ஒன்றையே இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் சென்சார்களை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் 64 பிட் அடையாள எண் இருப்பதால் பல சென்சார்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. 4.7 கிலோஓம் புல்-அப் ஒன்று போதும்; ஆனால் கேபிள் ஒரு சென்சாரிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகச் செல்ல வேண்டும், நட்சத்திரம்போல் கிளை பிரிந்தால் வாசிப்பு தடுமாறுகிறது. மின்சாரம் கிடைத்தவுடன் இந்தச் சென்சார் முதலில் வைத்திருக்கும் மதிப்பு 85 டிகிரி. வரைபடத்தில் திடீரென 85 தலைகாட்டினால், தண்ணீர் கொதிப்பதாக எண்ணாமல், சென்சாருக்குச் செல்லும் மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போயிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த மதிப்பைத் தானியக்க விதிகளுக்குள் விடாமல் வடிகட்டிவிட்டு, எப்போது வந்தது என்பதை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுமாறு அமைத்திருக்கிறேன்.

இனி ரிலேக்கள், அதாவது சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய சுமையை இயக்கும் மின்காந்த சுவிட்சுகள். பரவலாகக் கிடைக்கும் 5 வோல்ட் ரிலேயின் மின்காந்தச் சுருள் (காயில்) ஏறத்தாழ 70 ஓம். அது 70 மில்லிஆம்பியர் கேட்கும், எந்தப் பின்னாலும் நேரடியாகக் கொடுக்க முடியாது. டிரான்சிஸ்டரும் ஆப்டோகப்ளரும் கொண்ட தொகுப்புப் பலகைகள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. பல பலகைகளில் உள்ளீட்டைக் கீழே இழுத்தால்தான் ரிலே இயங்கும். தொகுப்புப் பலகையின் மின்வழங்கல் முனையான விசிசி 5 வோல்ட்டில் இருக்க, இஎஸ்பி32-இன் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் உயர முடியாததால், அணைந்த நிலையிலும் ஆப்டோகப்ளருக்குக் குறுக்கே 1.7 வோல்ட் மிஞ்சுகிறது; ரிலே விடுபடுவது அந்தந்தப் பலகையைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. காயில் பக்க மின்சாரத்தையும் உள்ளீட்டுப் பக்க மின்சாரத்தையும் இணைக்கும் ஜேடி-விசிசி ஜம்பரை எடுத்துவிட்டு, காயில்களுக்கு 5 வோல்ட்டும் உள்ளீட்டுப் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியே கொடுத்தால் இந்த ஐயம் நீங்கும். இஎஸ்பி32 பலகை உயிர்பெறும் நொடியில் சில பின்கள் தாமாகவே துடிக்கும் என்பதால், தொடக்க நிலையை நிர்ணயிக்கும் 0, 2, 5, 12, 15 ஆகியவற்றையும் 14-ஐயும் தவிர்த்து, 16 முதல் 19 வரையும் 25, 26, 27 ஆகியவற்றையும் ரிலேக்களுக்கு எடுத்துக்கொண்டேன்.

ரிலேயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற மின்தடைச் சுமைகளுக்குரியது. மோட்டார் புறப்படும் கணத்தில் அதன் வழக்கமான ஓட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். எல்இடி விளக்குகளின் டிரைவர்களில் உள்ள கெப்பாசிட்டர்களும் முதல் கணத்தில் பெருமளவு ஓட்டத்தை இழுத்து, ரிலேயின் தொடர்புமுனைகளை ஒட்ட வைத்துவிடும். முனைகள் ஒட்டிக்கொண்டால் மென்பொருள் எத்தனை முறை அணைத்தாலும் பயனில்லை. எனவே மோட்டாருக்கு ரிலே ஒரு கான்டாக்டரை (பெருஞ்சுமைக்கான பெரிய ரிலேயை) மட்டும் இயக்குகிறது. அந்தக் கான்டாக்டரின் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் (மின்னழுத்தத் துடிப்பை அடக்கும் சிறு சுற்று) இருக்கிறது. வீட்டு மின்சாரம் பாயும் பகுதி முழுவதையும் தனிப் பெட்டியில் வைத்து, தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே இணைத்தேன். இதில் பொழுதுபோக்குக்கு இடமில்லை.

தொட்டியின் மிதவை சுவிட்ச், நீர் நிறைந்ததும் திறக்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பி அறுந்தால் "நிறைந்துவிட்டது" என்றாகி மோட்டார் நிற்கும். தண்ணீர் வராமல் போவது தொல்லைதான், ஆனால் இரவு முழுவதும் மொட்டைமாடியில் வழிந்தோடுவதைவிட அது மேல். இந்த விதியும், மோட்டார் தொடர்ந்து ஓடக்கூடிய உச்ச நேர வரம்பும், சுவர் சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்பதும் சர்வரில் இல்லை, இஎஸ்பி32 பலகையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

சர்வரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுச் சோதித்தபோது விளக்குகள் வழக்கம்போல் இயங்கின. ஆனால் கால் மணி நேரம் கழிந்ததும் எல்லாம் ஒரே கணத்தில் அணைந்தன. இஎஸ்பிஹோமின் இயல்பான அமைப்பில், 15 நிமிடங்கள் வரை ஹோம் அசிஸ்டன்ட் பலகையுடன் பேசும் வழியான ஏபிஐ மூலம் யாரும் இணையாவிட்டால் பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது. வைஃபை கிடைக்காதபோதும் அப்படியே. ரிலேக்கள் அணைந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று அமைத்திருந்ததால் விளக்குகள் போயின. அந்த இரு கால வரம்புகளையும் சுழியமாக்கி, விளக்குகள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்புமாறும் மோட்டார் எப்போதும் அணைந்தே தொடங்குமாறும் பிரித்துவிட்டேன்.

பலகை திரும்பி வரும்போது ஹோம் அசிஸ்டன்டில் கதவின் நிலை "கிடைக்கவில்லை" என்பதிலிருந்து நேரடியாகத் "திறந்திருக்கிறது" என்று மாறக்கூடும். "திறந்தால் எச்சரி" என்று மட்டும் விதி எழுதினால் மறுதொடக்கம் ஒவ்வொன்றும் எச்சரிக்கையாகும் என்பதால், "மூடிய நிலையிலிருந்து திறந்த நிலைக்கு" என இரு முனைகளையும் குறித்தே எழுத வேண்டியிருந்தது. பலகை கிடைக்காமல் போவதற்குத் தனி அறிவிப்பு உண்டு.

எஞ்சியிருப்பது, வீட்டிலிருந்து விலகியுள்ள மோட்டார் அறை. அங்கே கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்து, நீண்ட கேபிள்களுக்கு ஏற்ற தொடர்பு முறையான ஆர்எஸ்-485 வழியாக, மோட்பஸ் நெறிமுறையில் கட்டளை பெறும் ரிலே பலகையை இணைக்கத் திட்டம். கட்டளை குறிப்பிட்ட நேரம் வராவிட்டால் ரிலேயைத் தானே விடுவிக்கும் வசதியுள்ள பலகையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.