கமிஷிமா: ஷின்ஜியும் ஹாட்சுயேவும் நடந்த தீவு

ஜப்பானிய எழுத்தாளர் யுகியோ மிஷிமாவின் 'ஷியோசாய்' நாவல் 1954இல் வெளிவந்தது. மீனவப் பையன் ஷின்ஜிக்கும் கப்பல் முதலாளி மகள் ஹாட்சுயேவுக்கும் இடையே அரும்பும் காதல்தான் கதை. அதில் வரும் உதாஜிமா, இசே விரிகுடாவின் வாயிலில் இருக்கும் கமிஷிமாவேதான். நாவலைப் படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பாதி சுவை போச்சு.

நகோயாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் தோபா. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. அங்கிருந்து சுமார் 40 நிமிடம். ஒரு நாளைக்குச் சில படகுகள்தான், அதனால் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தீவுக்கும் எதிர்க்கரையான இராகோவுக்கும் நடுவே உள்ள இராகோ நீரிணை குறுகலானது, நீரோட்டமும் வேகம். காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். புயல் வரும் செப்டம்பரில் இந்த ஆபத்து அதிகம். அக்டோபரில் போனால் தெற்கே வலசை போகும் பருந்துக் கூட்டங்களையும் பார்க்கலாம்.

தீவைச் சுற்றி 4 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்ற இறக்கம் ஏராளம், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். துறையில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைகள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் விடுவார்கள். ஒளிய இடம் தேடும் ஆக்டோபஸ் தானே உள்ளே புகுந்துகொள்ளும். ஷின்ஜி செய்ததும் இந்தத் தொழில்தான்.

ஊரைத் தாண்டினால் யாட்சுஷிரோ கோயில், 214 கல்படிகள். மழை பெய்திருந்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். அடுத்து 1910இல் ஒளியேற்றிய கலங்கரை விளக்கம். நாவலில் அதன் காவலரின் மகள் புயல் நாளில் காதலர் இருவரையும் ஒன்றாகப் பார்த்துவிடுகிறாள். ஊரெல்லாம் வதந்தி கிளம்புவது அப்படித்தான்.

அதற்கப்பால் காட்டுப்பாதையில் இருப்பதுதான் இந்த நடையின் உயிர்: 1929இல் ராணுவம் கட்டிய கான்கிரீட் கண்காணிப்புக் கட்டடம். இராகோவிலிருந்து சோதனைக்காகச் சுட்ட குண்டுகள் கடலில் எங்கே விழுகின்றன என்று இங்கிருந்து பார்த்தார்கள். நாவலில் இது பாழடைந்து கிடக்கிறது. மழையில் நனைந்த இருவரும் நெருப்பு மூட்டி உடை உலர்த்துகிறார்கள். நெருப்பைத் தாண்டி வரச் சொல்கிறாள் அவள். ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. கீழ்த்தளத்தில் நின்றால் கடற்காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்த நெருப்பு எதற்கு என்று விளக்கவே வேண்டாம். எல்லோர் கண்ணும் எல்லோர் மேலும் இருக்கும் இவ்வளவு சின்ன ஊரில், தனித்திருக்க இதைவிட்டால் வேறு இடம் ஏது!

தெற்கே சுண்ணாம்புப் பாறைகளைக் கடந்து ஊருக்குத் திரும்பலாம். வழியில் கடைகளை நம்பாதீர்கள். தண்ணீரும் சில்லறை யென்னும் கையில் இருக்கட்டும். தோபாவுக்கே திரும்ப வேண்டாதவர்கள் இராகோ படகைப் பிடிக்கலாம், அந்தக் கரை இன்னும் கிட்டம்.