கோத்தகிரி மழையில் டேப்லெட்டோடு 12 நாள்

ஐப்பசியில் கோத்தகிரிக்கு ஃபீல்டு ஒர்க் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அடைமழையில மலைக்கு எதுக்குடா?" நியாயமான கேள்விதான். கோடையில் போயிருக்க வேண்டிய வேலை. அனுமதி, விடுதி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய் வடகிழக்குப் பருவமழையின் வாயிலேயே போய் விழுந்தோம். நானும் ஜூனியர் தம்பி ஒருவனும்.

கோத்தகிரியிலிருந்து அரவேணு வழியாகக் குஞ்சப்பனை வரை சாலையோர வெட்டுகள், தேயிலைத் தோட்டத்துப் பாறைகள், ஓடைகள் எல்லாவற்றையும் பார்த்து நிலவியல் வரைபடம் போட வேண்டும். அந்தப் பகுதிக்கான நில அளவை வரைபடத் தாள், அதாவது டோபோ ஷீட், 58ஏ/15. பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கரும்பச்சைப் பாறை வகை. இந்த முறை காகிதம் வேண்டாம், எல்லாம் டேப்லெட்டில் கியூஃபீல்டு என்ற வரைபடச் செயலியில்தான் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். டேப்லெட்டுக்கு ஐ.பி.68 தரச் சான்று உண்டு, தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று கொடுத்து அனுப்பினார்கள்.

அது உண்மைதான். 12 நாளில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. தண்ணீர் வெளியே இருந்ததுதான் பிரச்சினை.

முதல் நாள் தூறல்தான். ஒரு பாறை வெட்டின் முன் நின்று புள்ளி வைக்கப் பார்த்தேன். திரையில் நாலைந்து துளி. நான் தொடுவதற்கு முன்பே வரைபடம் தானாக நகர்ந்தது, பெரிதானது, ஏதோ ஒரு மெனு திறந்தது. கைக்குட்டையால் துடைத்தால் துடைப்பதையே தொடுகையாக எடுத்துக்கொண்டு இன்னொரு மெனு. லாக் ஆனபோது அதைவிடக் கூத்து. துளிகளே எண்களைத் தட்டித் தட்டித் தப்பான பின் நம்பர் போட்டு, 30 நொடி காத்திரு என்று வந்தது. ஈர விரலில் கைரேகையும் எடுக்கவில்லை.

இந்தத் திரைகள் விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்முனை வலை இருக்கிறது. மின்சாரம் கடத்தக்கூடிய எதுவும் பக்கத்தில் வந்தால் அங்கே மின்தேக்கம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும். மழைத்துளியும் அந்த மாற்றத்தைச் செய்துவிடுகிறது. துளிகள் சேர்ந்து படலமாகிவிட்டால், விரல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழைய கையடக்கக் கருவிகளில் இருந்த, அழுத்தினால்தான் வேலை செய்யும் திரைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றை நகத்தால்கூட அழுத்தலாம். நமக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டு அதை விட்டுவிட்டோம்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பார்த்தோம். பைக்கு மேலே துளி விழுந்தாலும் அதே கதைதான். போதாததற்கு உள்ளே ஆவி கட்டியது. கடையில் ரப்பர் முனை ஸ்டைலஸ் ஒன்று வாங்கினோம். அது விரலுக்குப் பதில் இன்னொரு விரல், அவ்வளவுதான். காசு வீண்.

மூன்றாம் நாள் மாலை தம்பி அன்றைய வேலையைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நம்ம டைக் மேட்டுப்பாளையத்துக்கே போயிடுச்சு" என்றான். டைக் என்பது பாறைப் பிளவில் புகுந்து இறுகிய, சுவர் மாதிரியான வேறொரு பாறை. நான் வரைந்திருந்த டோலரைட் என்ற கரும்பாறை டைக்கின் கோட்டில் ஒரு முனை மட்டும் ஊசி மாதிரி தென்கிழக்கே கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடந்தது. ஏதோ ஒரு துளி வைத்த புள்ளி. இது கண்ணில் பட்டுவிட்டது, திருத்திவிட்டோம். பத்து மீட்டர் நகர்ந்த புள்ளியாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். அதுதான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை விடுதியிலேயே உட்கார்ந்து செட்டிங்ஸை மாற்றினோம். கியூஃபீல்டில் விரலால் வரைபடத்தைத் தட்டிப் புள்ளி வைக்கும் வசதியை அணைத்தோம். வால்யூம் பட்டனை அழுத்தினால் புள்ளி விழும்படி ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டோம். வால்யூம் கூட்டினால் புள்ளி, குறைத்தால் கடைசிப் புள்ளி நீங்கும். பட்டனை மழைத்துளியால் அழுத்த முடியாது! பாறையின் பெயர், சிதைவின் அளவு போன்றவற்றைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து எடுக்கும்படி படிவத்தை மாற்றினோம். அடிக்கடி வரும் பதிலை முன்கூட்டியே நிரப்பி வைத்தோம். திரை லாக்கை முழுசாக எடுத்தாயிற்று.

டேப்லெட்டோடு வந்த பேனா பெட்டியிலேயே கிடந்தது. மின்காந்தத்தில் வேலை செய்யும் வகை அது. அதை உணரும் அடுக்கு தனியாகத் திரைக்குப் பின்னால் இருப்பதால் மேலே தண்ணீர் நின்றாலும் கவலையில்லை. பேங்க் கவுன்ட்டர் பேனா மாதிரி அதை நூலில் கட்டித் தொங்கவிட்டோம், தேயிலைச் செடிக்குள் விழுந்தால் தேடவே முடியாது என்பதால். எல்லைக்கோடு வரைய அந்தப் பேனா. மழை வலுத்தால் எதுவுமே வேண்டாம், பென்சிலும் நோட்டும்தான். நிழற்குடையில் ஒதுங்கும்போது எண்களை ஏற்றிக்கொள்வோம். அரவேணுப் பக்கத்து டீக்கடை அக்கா நாலாவது நாளிலிருந்து நாங்கள் கேட்காமலேயே ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்து நீட்டிவிடுவார். "மொதல்ல அதத் தொடைங்க தம்பி, அப்புறம் டீ."

மழையில் ஒரு லாபமும் உண்டு. சுத்தியலால் உடைத்த சார்னோக்கைட் காய்ந்திருந்தால் மங்கலாகத்தான் தெரியும். நனைந்ததும் அந்த எண்ணெய்ப் பளபளப்போடு கரும்பச்சை நிறம் எழும்பி வரும்; கார்னெட் என்ற சிவப்புக் கனிம மணிகள் மாதுளை முத்து மாதிரி தனித்தனியாகத் தெரியும்.

இனி எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோதுதான் குடை விவகாரம் வந்தது. பாறையின் இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதுதான் ஸ்ட்ரைக். எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்பது டிப். இரண்டையும் போனைப் பாறைமேல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் ஒரே பாறையில் தம்பி எடுத்த ஸ்ட்ரைக் வடக்கிலிருந்து கிழக்கே 64 டிகிரி. நான் எடுத்தது 81. டிப் இருவருக்கும் 72. நான் முறைத்தேன், அவன் முறைத்தான். திரும்ப எடுத்தோம், அதே வித்தியாசம்.

டிப்பை போன் புவியீர்ப்பை வைத்துக் கண்டுபிடிக்கிறது, ஸ்ட்ரைக்கை காந்தமானியை வைத்து. அப்படியானால் காந்தத்தில்தான் கோளாறு. இந்த மலையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் உள்ள பாறைப் பட்டைகளும் உண்டு என்பதால் முதலில் சந்தேகம் பாறைமேல்தான் போனது. அப்புறம்தான் கவனித்தேன். தனியாக அளவு எடுக்கும்போது குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிவேன். குடையின் இரும்புத் தண்டு போனுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நிற்கும். குடையைத் தூரப் போட்டுவிட்டு நனைந்துகொண்டே எடுத்தேன். 65.

முதல் நாளிலிருந்து அப்படித் தனியாகக் குடையோடு எடுத்தவை எத்தனை என்று நோட்டைப் புரட்டினால் 23. மீதி நாள்களில் வேலையோடு வேலையாக ஒவ்வொன்றாகத் திரும்பப் போனோம், தம்பி குடையோடு பத்தடி தள்ளி நிற்க, நான் நனைய. 19 கிடைத்தன. மற்ற நாலும் குஞ்சப்பனைக்கு மேலே ஒரே சாலை வெட்டில் இருந்தவை. நாங்கள் போனபோது ஜே.சி.பி. நின்றுகொண்டிருந்தது. முந்தின ராத்திரி மேலிருந்த செம்மண் சரிந்து அந்தப் பாறையை முழுசாக மூடிவிட்டிருந்தது. வரைபடத்தில் அந்த நாலு இடத்திலும் டிப்பை மட்டும் எழுதி, ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக் கொடுத்தேன்.