நாலரை சதவீதம் வாங்கிய கட்சி எப்படி உள்ளே வந்தது? ஜெர்மன் குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த கதை

தேர்வு எழுதி முடித்ததிலிருந்து யாராவது ஒரு தம்பி போன் செய்து கேட்கிறான்: "அண்ணா, நீங்க எந்த ஆப்ல படிச்சீங்க?" எந்த ஆப்பாக இருந்தால் என்ன, கேள்விகள் எல்லாவற்றிலும் அதே 310தான். 300 பொதுவானவை, 10 நாம் குடியிருக்கும் மாநிலத்துக்கானவை. தேர்வில் 33 வரும், அதில் 3 மாநிலக் கேள்விகள். ஒரு மணி நேரம். 17 சரியாக இருந்தால் பாஸ். அவ்வளவுதான் கணக்கு.

நானும் முதலில் பத்தாம் வகுப்பு வரலாற்றை உருப்போட்ட மாதிரிதான் ஆரம்பித்தேன். இரண்டு வாரம் கழித்து மாதிரித் தேர்வில் 33க்கு 29 வாங்கினேன். ஆனால் என்னை உட்காரவைத்து "ஐந்து சதவீதத் தடை என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் "அஞ்சு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் இருப்பது லைப்சிக் நகரின் கிழக்குப் பகுதி, ஜாக்சன் மாநிலம் (Sachsen, ஆங்கிலத்தில் சாக்சனி). 2024 செப்டம்பர் 1 அன்று இங்கே மாநில சட்டமன்றத் தேர்தல், அதாவது லாண்ட்டாக் தேர்தல். பக்கத்துத் துரிங்கியாவிலும் அதே நாள். எனக்கு ஓட்டு கிடையாது, அதனால் ராத்திரி டிவி முன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன். பழமைவாதக் கட்சியான சி.டி.யு. 31.9 சதவீதம், தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. 30.6, புதுக் கட்சி பி.எஸ்.டபிள்யூ. 11.8, சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்.பி.டி. 7.3, பசுமைக் கட்சி 5.1. கடைசியில் இடதுசாரிக் கட்சியான டி லிங்கே, 4.5. அதற்கும் இடங்கள் காட்டினார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 5 சதவீத ஓட்டு வாங்காத கட்சிக்குச் சபையில் இடம் இல்லை என்றல்லவா படித்தோம்?

மறுநாள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு ஜெர்மன்காரரிடம் கேட்டேன். அவர் காபி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். ஜாக்சனில் ஒரு கட்சி இரண்டு தொகுதிகளை நேரடியாக ஜெயித்துவிட்டால் 5 சதவீதத் தடை அதற்குப் பொருந்தாது. வாங்கிய சதவீதத்துக்கு உரிய இடங்கள் முழுதாகக் கிடைத்துவிடும். லிங்கே ஜெயித்த இரண்டுமே லைப்சிக்கில். ஒன்று எங்கள் கிழக்குப் பகுதித் தொகுதி! ஜெயித்தவர் பெயர் நாம் டுய் நுயென். அவருடைய பெற்றோர் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. "கிழக்கு ஜெர்மனிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தார்கள்?" என்று 310இல் ஒரு கேள்வி உண்டு. விடை வியட்நாம், போலந்து, மொசாம்பிக். அதுவரை ஏதோ மூன்று நாட்டுப் பெயர்களாக இருந்த விடை, அன்றிலிருந்து மறக்கவில்லை.

அதனால் நான் சொல்லும் ஒரே வழி இதுதான். உங்கள் மாநிலத்தின் கடைசித் தேர்தல் முடிவை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆப்பில் அரசியல் கேள்வி வரும்போதெல்லாம் அந்தத் தாளில் விடை தேடுங்கள்.

நம் ஊரில் ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு முதலில் இடிப்பது இரண்டு ஓட்டு விஷயம். முதல் ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. பெயரில் இரண்டாவதாக இருந்தாலும் சபையில் யாருக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது அதுதான். ஜாக்சனில் 60 தொகுதிகள், 120 இடங்கள். 2024இல் மற்ற கட்சிகளைத் தவிர ஃப்ரைய வேலர் (சுயேச்சை வாக்காளர்கள்) என்ற சிறு கட்சிக்காரர் ஒருவர் தன் தொகுதியை ஜெயித்தார். அவர் கட்சிக்குக் கிடைத்தது 2.3 சதவீதம்தான். ஒரு தொகுதி மட்டும் என்பதால் அவர் தனி ஆளாக உள்ளே போனார், கட்சிக்கு வேறு இடம் இல்லை. லிங்கேவுக்கு இரண்டு, அதனால் ஆறு இடம். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதி பாடம் முடிந்தது.

அடுத்தது தேர்வுக்குத் தேவையே இல்லாத விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று ராத்திரி அறிவித்த இடக்கணக்கு மறுநாள் மாறிவிட்டது. மென்பொருளில் பிழையாம். ராத்திரி சி.டி.யு. 42, ஏ.எஃப்.டி. 41. திருத்திய பிறகு 41, 40. குறைந்த இரண்டு இடங்களும் எஸ்.பி.டி.க்கும் பசுமைக் கட்சிக்கும் போயின. ஓட்டுக்கு ஏற்ப இடங்களைப் பங்கிட ஜாக்சன் அதற்குள் பழைய தோந்த் முறையை விட்டு சாந்த் லாக்யூ முறைக்கு மாறியிருந்தது; ராத்திரி காட்டிய எண்கள் பழைய முறையில் வருபவை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடை ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்சியின் சதவீதத்தையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். எல்லா இடமும் நிரம்பும்படி அந்த எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோந்த் முறையில் புள்ளிக்குப் பின்னால் வருவதை அப்படியே வெட்டிவிடுவார்கள். 0.745ஆல் வகுத்தால் ஏ.எஃப்.டி.க்கு 41.07, அதாவது 41. பசுமைக் கட்சிக்கு 6.85, வெட்டினால் 6. பாவம், கிட்டத்தட்ட ஒரு முழு இடம் போய்விட்டது. சாந்த் லாக்யூவில் அரைக்கு மேல் என்றால் ஏற்றிவிடுவார்கள். 0.768ஆல் வகுத்தால் ஏ.எஃப்.டி.க்கு 39.84 வரும், அது 40. பசுமைக்கு 6.64, அது 7. சி.டி.யு.வுக்கு மட்டும் என் கணக்கு 42 என்று வந்து அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தது. சதவீதத்தில் ஒரு தசமம் போதாது, ஓட்டு எண்ணிக்கையையே எடுத்துப் போட வேண்டும்.

ஒரு இடத்துக்கு இவ்வளவு அலட்டல் ஏன் என்கிறீர்களா? மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 80. ஒரே கட்சியிடம் 41 இருந்தால் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் 79தான். 40க்கும் 41க்கும் நடுவில் இருந்தது அதுதான்.

சரி, தேர்வுக்கு வருவோம். கூட்டணி, எதிர்க்கட்சி, சட்டமன்றக் கட்சிக் குழு, இந்த மூன்று சொல்லும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும். பெரும்பான்மைக்கு 61 வேண்டும். 41, 15, 10 கூட்டினால் 66, சி.டி.யு., பி.எஸ்.டபிள்யூ., எஸ்.பி.டி. பேசிப் பார்த்தார்கள். நவம்பர் 6ஆம் தேதி பி.எஸ்.டபிள்யூ. எழுந்து போய்விட்டது. மிச்சம் 51. அந்த 51ஐ வைத்துக்கொண்டே சிறுபான்மை அரசு அமைத்தார்கள். சி.டி.யு.வின் மிஷாயேல் க்ரெட்ஷ்மர் டிசம்பர் 18 அன்று இரண்டாவது சுற்றில் மீண்டும் முதல்வரானார். முதல்வரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது என்பது இதைப் பார்த்தவனுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய பதிலா என்ன?

மாநிலக் கேள்விகள் பத்தும் இலவச மதிப்பெண். கொடி வெள்ளை-பச்சை, தலைநகர் ட்ரெஸ்டன், சட்டமன்றத்துக்கு ஐந்து வருடம், உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட 18 வயது. ஒன்றில் மட்டும் நான் சறுக்கினேன், மாதிரித் தேர்வில். "ஜாக்சனில் எந்த அமைச்சர் இல்லை?" கேள்வியின் கடைசியில் இருந்த "நிஷ்ட்" (இல்லை) என்ற சொல் கண்ணில் படவில்லை, உள்துறை அமைச்சரைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடை வெளியுறவு அமைச்சர், ஏனென்றால் வெளியுறவு கூட்டாட்சி அரசின் வேலை. பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் மாநிலத்திடம். அன்றிலிருந்து "நிஷ்ட்", "கைன்" என்று எதிர்மறைச் சொல்லை எங்கே பார்த்தாலும் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிடுவேன். தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் படிப்பவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பொருளைத் தமிழில் புரிந்துகொள்ளுங்கள், கேள்வியை மட்டும் ஜெர்மனில் படியுங்கள்.

தேர்வு நவம்பர் கடைசியில். பாஸ்போர்ட்டைக் காட்டி உட்கார்ந்தால் பெரும்பாலோர் கால் மணி நேரத்தில் எழுந்து போகிறார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் 25 நிமிடம் எடுத்தேன், இரண்டு விடையை மாற்றினேன், இரண்டும் நல்லதாகவே முடிந்தது. கடிதம் சில வாரத்தில் தபாலில் வந்தது: 33க்கு 32. தவறிய ஒன்று எது என்று அதில் இல்லை.

துரிங்கியாவின் எர்ஃபுர்ட்டிலிருந்து கேட்ட தம்பிக்கு: உன் தாளில் 88 இடம், ஏ.எஃப்.டி. 32, சி.டி.யு. 23, பி.எஸ்.டபிள்யூ. 15, லிங்கே 12, எஸ்.பி.டி. 6 என்று எழுது. சி.டி.யு., பி.எஸ்.டபிள்யூ., எஸ்.பி.டி. மூன்றையும் கூட்டிப் பார். அப்புறம் அவர்கள் எப்படி ஆட்சி அமைத்தார்கள் என்று தேடிப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. தேர்வுக்கு இடம் பதிவது மட்டும் இன்றைக்கே. எனக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது.